கத்தி தீட்டிய காலை

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கும்போதே அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. கல்லில் இரும்பு உரசும் சத்தம். காலி வாளியைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினாள்.

அப்பா சமையலறை மேஜை முன் உட்கார்ந்திருந்தார். மடித்த ஈரத்துணியின் மேல் தீட்டுக்கல். கையில் அவருடைய மடக்குச் சவரக்கத்தி. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கத்தியில்தான் சவரம். பிளேடு மாட்டும் ரேசர்களைப் பொம்மை என்பார். “எனக்குக் கிடைக்காத கவனிப்பெல்லாம் அந்தக் கத்திக்குத்தான்” என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

அம்மா இறந்துபோன நாளிலிருந்து அதை அவர் தொடவில்லை. தாடி வெள்ளையும் சாம்பலுமாய்க் கழுத்துவரை இறங்கியிருந்தது. அவளும் துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு, கணவனைச் சமாளித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரோடுதான் இருந்தாள். போன வாரம் மாடி வீட்டுக்காரம்மா நலம் விசாரித்தபோது, “இனி இருந்து என்னம்மா பண்ணப் போறேன்” என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சரியாகப் படவில்லை. சாயங்காலம் அவர் நடக்கப் போனதும் கத்தியை எடுத்து, ஒரு பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அதன் அடியிலிருந்த சொரசொரப்பான வளையத்தில் அலகை வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். பல் கூசியது. குப்பையில் போட மட்டும் மனம் வரவில்லை. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

இப்போது அவர் அலகை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, மழுங்கிய இடம்தான் கோடாக மின்னும். அது இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மின்னியது.

“தானா மழுங்கினா இப்படி இருக்காது,” என்றார் திரும்பாமலே. “யாரோ வேணும்னே தேச்சிருக்காங்க.”

“நான்தான்ப்பா.”

“எதுல?”

“கப்போட அடியில.”

தலையை ஆட்டிக்கொண்டார். திட்டவில்லை. கல்லில் நீர் தெளித்து, கத்தியின் முதுகும் விளிம்பும் ஒன்றாகப் படியும்படி படுக்க வைத்து, விளிம்பு முன்னால் போக மெல்லத் தள்ளினார். கல் முடியும் இடத்தில் முதுகின் மேலேயே புரட்டித் திரும்ப இழுத்தார். கொஞ்சமும் அழுத்தவில்லை. நீர் மெல்லக் கறுத்தது.

“எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

“அதான் தெரியுதே.”

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். “அப்படி நெனச்சீங்களாப்பா?”

கத்தி போய் வந்தது. போய் வந்தது.

“ஒரு நாள்,” என்றார். “ஒரே ஒரு நாள்.”

அவள் கை துடைப்பது நின்றது. அவர் கையை நிறுத்தவில்லை, நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும் என்பதுபோல.

“அவ போன அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கத்தி வெட்டாம முடிய இழுத்துச்சு. தாடியோட போனா உங்கம்மா கன்னத்தத் தொட்டுப் பாத்துட்டு மூஞ்சியச் சுளிப்பா. சரி, தீட்டிட்டே போவோம்னு உக்காந்தேன். இதே நாற்காலிதான். நிதானமாத் தீட்டி, மழமழன்னு பண்ணிக்கிட்டுப் போய் நின்னா, இப்பத்தான் சார் போனாங்க, உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்கன்னு நர்ஸ் சொல்றாங்க.”

“பஸ் லேட்டுன்னு சொன்னீங்களேப்பா.”

“பஸ் நேரத்துக்குத்தான் வந்துச்சு.”

நீங்கள் இருந்திருந்தாலும் அம்மா போயிருப்பாள் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவருக்கு வேண்டியது அது அல்ல.

“அப்புறம் இன்னைக்கு ஏம்ப்பா இத எடுத்தீங்க?”

“கனவுல கூட வர மாட்டேங்கறா. ஒரு தடவகூட வரல.” தாடியைத் தடவிக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். “இந்த மூஞ்சிய அவளுக்கு அடையாளம் தெரியலையோ என்னவோ.”

விளிம்பிலிருந்த மினுக்கம் மறைந்ததும், கத்தியைப் பதமாக்கும் தோல்வாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை அவளிடம் கொடுத்தார். “இறுக்கிப் புடி. தொய்ஞ்சா விளிம்பு உருண்டுடும்.” கத்தியின் முதுகு முன்னால் போக, வாரின் மேல் இப்படியும் அப்படியும் இழுத்தார். ஒவ்வொரு இழுப்பும் அவள் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. முன்கையில் லேசாக வைத்துப் பார்த்தார். முடி சத்தமில்லாமல் உதிர்ந்தது.

நீளமான தாடியைக் கத்தரியால் அவரே வெட்டிக்கொண்டார். சோப்பு நுரையைப் பூசி, சின்னக் கண்ணாடியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, கத்தியைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். இறக்கினார். மறுபடியும் தூக்கினார். பிறகு பிடியை அவள் பக்கம் நீட்டினார்.

“நீயே பண்ணிடும்மா.”

“எனக்குப் பயமா இருக்குப்பா.”

“எனக்கும்தான்.”

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தார். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தாள். விரலுக்கடியில் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கத்தியை வைத்ததும், மூடிய இமையிலிருந்து நீர் இறங்கி, கன்னத்து நுரையைக் கரைத்துக்கொண்டு வழிந்தது. அவருடைய தொண்டை ஏறி இறங்கியது. அவள் கத்தியை எடுத்து, காற்றில் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தொண்டை அசையாமல் நிற்பதற்காகக் காத்திருந்தாள்.