பொம்மைக்காவின் பக்கம்

வளைய விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து பொம்மைக்கா ஒரு துணி யானைக்குக் கண் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே நிறுத்தியிருந்த போன் அவளை லைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. நேற்றும் இதே யானைக்குத்தான் கண் தைத்தாள். லைவ் முடிந்ததும் பிரித்துவிட வேண்டும், நாளைக்கு மறுபடி தைக்க வேண்டும். துணி நைந்து பொத்தலானால்தான் வேறு யானை கொடுப்பார்கள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் வேறு யானைகளைப் பெட்டியில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவை எங்கோ மிஷினில் அடித்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குபவை. பசை வைத்து ஒட்டிய பிளாஸ்டிக் கண். நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும். விற்பது அவற்றைத்தான்.

'பொம்மைக்கா' பக்கத்தை ஆரம்பித்தது அவள்தான். புருஷன் இடுப்பொடிந்து படுத்த வருஷம் அது. அவளுக்கென்று போன் இல்லை. கொழுந்தன்தான் தன் போனில் ஏதோ ஆப்பைத் திறந்தான். அது பேரைக் கேட்டது, படத்தைக் கேட்டது, கடைக்கு என்ன நிறம் என்றுகூடக் கேட்டது. ஜாதகம் ஒன்றைத்தான் கேட்கவில்லை. உலை கொதிப்பதற்குள் பக்கமும் கடையும் தயார். கடைசியில் ஒரு நம்பர் கேட்டது. அவன் தன் நம்பரைப் போட்டான். வீட்டுப் பிள்ளைதானே என்று அவளும் விட்டுவிட்டாள். அதற்கப்புறம் தைத்தது அவள், அவன் போனை வாங்கி ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் எழுதியதும் அவள். முகம் தெரியாத பெண்களெல்லாம் அவளுக்குத் தங்கச்சி ஆனார்கள்.

பிறகு கொழுந்தன் இந்தப் பொம்மைக் கம்பெனி முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தான். சேரும்போது பக்கத்தையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். வயிறெரிந்து அவள் கேட்டபோது தலையைத் தூக்காமல் பதில் சொன்னான்.

"என் நம்பர்லதான இருக்கு அண்ணி. உங்களுக்கும் சேத்துத்தான் வேலை கேட்டிருக்கேன்."

பக்கத்து வீட்டுப் போனை வாங்கி ஆப்புக்காரர்களுக்கு எழுதிப் பார்த்தாள். பதிவு செய்த நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அது கொழுந்தன் போனில் போய் விழுந்தது. புதுப் பக்கம் ஒன்று தொடங்கினாள். போலி என்று யாரோ புகார் கொடுக்க, அதை மூடிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல்தான் இங்கே வந்து உட்கார்ந்தாள்.

திரையில் கமெண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து தன் போனில் அவள் பெயரில் பதில் அடித்துக்கொண்டிருந்தான். ஒரு கமெண்ட் அவள் கண்ணில் பட்டது. "அக்கா, நீங்க தச்ச நாயைக் கடிச்சுக்கிட்டேதான் என் பெரியவன் இன்னும் தூங்குறான். சின்னவளுக்கு எட்டு மாசம், எதையெடுத்தாலும் வாயிலதான் வைக்கிறா. இந்த யானைய நம்பிக் குடுக்கலாமா?"

அந்த நாய் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு காது மட்டும் நீலத் துணியில் வைத்தது. ஊசி நின்றுவிட்டது.

"தம்பி, இந்தப் பொண்ணுகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிடு."

அவன் கையும் நின்றது. அவனும் பிள்ளை பெற்றவன்தான். முதலாளி வருகிறாரா என்று தட்டிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "என்னால முடியாது அண்ணி" என்றான் அடிக்குரலில். திரையில் அவள் படத்துக்குப் பக்கத்தில் பதில் விழுந்தது: தாராளமா குடும்மா, அக்கா கையால தச்சதுதானே.

பொம்மைக்கா ஊசியைக் கீழே வைத்தாள். யானையை மடியில் போட்டுவிட்டு, போனைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

"வாங்காதம்மா. நான் தச்சது இல்ல. கண்ணு கழண்டு வந்துரும், புள்ள முழுங்கிடும்."

கொழுந்தன் அவளைத் தடுக்கவில்லை. லைவில் அவள் குரல் போவதில்லை, பாட்டுதான் ஓடும். பதற்றத்தில் அவளுக்கு அது மறந்துபோயிருந்தது.

திரை முழுக்க சிவப்பு ஹார்ட்டுகள் பறந்தன. அக்கா நமக்குக் கை காட்டுறாங்க என்று ஒருத்தி எழுதினாள். அதற்குக் கீழே அந்தத் தங்கச்சியின் ஆர்டர் வந்து விழுந்தது. சின்னவளுக்கு ஒன்று, பெரியவன் சண்டை பிடிக்காமலிருக்க இன்னொன்று.