உள்ளே வராத வண்டி

இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் மருதாணிக்குக் கொடுத்துவிட்டு, கல்யாணப் பெண் சைமா வண்ணாரப்பேட்டை வீட்டின் உள்ளறையில் தலையணைமேல் கைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நேற்றே வைத்திருக்க வேண்டியது. வைத்துவிடும் கௌசருக்கு ஊரெல்லாம் கல்யாணம், இன்று மதியம்தான் ஒழிந்தது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். பிரியாணி அண்டா அடுப்பேறிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் பெரம்பூரில் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஆயத்தம். பெண்ணைப் பெற்ற ஜாபர் மட்டும் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் லாரியோடு மாட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா மலிகா போனை மகளின் காதோரம் பிடித்துக்கொண்டாள்.

"அத்தா, இன்னுமா கெளம்பல?"

"கேட்டாண்டதாம்மா கீறேன். வெளிய வுட மாட்டேன்றானுங்க. இந்த வண்டி உள்ளயே வரலன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம்."

"வண்டிய அங்கயே போட்டுட்டு ஆட்டோ புடிச்சி வாங்க அத்தா."

"வண்டியோட உள்ள போனவன் வண்டியோடதான் வெளிய வரணுமாம். செக்யூரிட்டி கால்ல விழாத கொறையா கேட்டுட்டேன்."

மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் எந்த மனிதராவது லோடு எடுப்பாரா? ஜாபர் எடுத்தார். அதற்கும் காரணம் மகள்தான். சைமா ராயபுரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராம் எழுதுபவள். அந்த யார்டுக்குள் போகிற வண்டியையும் வெளியே வருகிற வண்டியையும் சரிபார்க்கும் புரோகிராமை எழுதி முடித்துவிட்டுத்தான் கல்யாண லீவில் வந்தாள். இன்றுதான் அது ஓட ஆரம்பித்த முதல் நாள். "என் மவ தொறக்குற கேட்டுல மொத வண்டி என்துதான்" என்று சொல்லி, மலிகா போட்ட சத்தத்தையெல்லாம் காதில் வாங்காமல் நேற்று சாயங்காலம் கிளம்பிப் போனார். எண்ணூர் ரோட்டில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று, விடிகாலையில் உள்ளே நுழைந்தார். ஆனால் வெளியே வர, மகள் தொறக்கிற கேட்டு அவருக்குத் தொறக்கவில்லை.

"உள்ள வந்தப்ப நம்பர் போட்டது யாரு அத்தா?"

"நம்ம கோதண்டம்தான். ஷிப்டு முடிஞ்சி பூட்டாரு."

கோதண்டத்தை சைமாவுக்குத் தெரியும். வண்டிகள் உள்ளே வரும் உள்கேட்டில் எண்ணைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் கிளார்க் அவர். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வண்டி எண்ணையும் அடிப்பதற்கு முன்னால், மனிதர் ஸ்பேஸ் கட்டையை ஒரு தட்டு தட்டுவார். ஏன் சார் என்று கேட்டதற்கு, "பேப்பர்னா மேல புள்ளையார் சுழி போடலாம். இதுல எங்கம்மா போடுறது? அதான் அவர நெனச்சிகினு ஒரு தட்டு" என்றார். சைமா சிரித்தாள். நல்ல மனிதர், நன்றாகத் தட்டட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தத் தட்டினால் எண்ணுக்கு முன்னால் ஒரு வெற்றிடம் சேரும். வண்டி வெளியேறும் வெளிகேட்டிலோ எண்ணைக் கேமரா தானாகப் படிக்கும், அதில் வெற்றிடம் இருக்காது. மனிதர் கண்ணுக்கு இரண்டும் ஒரே எண். கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வெவ்வேறு வண்டிகள். அதற்காகவே யோசித்து, வெற்றிடத்தை நீக்கும் 'ட்ரிம்' என்ற கட்டளையை அன்றைக்கே சேர்த்தும் இருந்தாள். பிறகு எப்படி?

"அம்மா, ஆபீஸ்ல பென்னிக்குப் போடு."

பென்னி கூட வேலை பார்ப்பவன். எடுத்தவுடனே, "இன்னா கல்யாணப் பொண்ணு, பிரியாணி ஆறிடும்னு கூப்புடுறியா?" என்றான்.

"பென்னி, யார்டு புரோகிராம தொற. வண்டி நம்பர் வாங்குற எடத்துல ட்ரிம் கீதா பாரு."

"கீதே. நீதான போட்ட."

"அந்த வரிய அப்டியே படி."

"நம்பர், டாட், ட்ரிம், பிராக்கெட், செமிகோலன். அவ்ளோதான்."

அவ்வளவுதான். தப்பு எங்கே என்று சைமாவுக்குத் தெரிந்துவிட்டது.

புரோகிராம் எழுதிய ஜாவா மொழியில் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம், பிறந்தால் பிறந்ததுதான். பிறகு அதில் ஓர் எழுத்தைக்கூட யாராலும் மாற்ற முடியாது. ட்ரிம் என்று சொன்னால் அது பழையதைத் தொடாது, வெற்றிடம் இல்லாத புது ஸ்ட்ரிங் ஒன்றைச் செய்து நீட்டும். அதை வாங்கி ஒரு பெயரில் வைத்துக்கொள்ள வேண்டியது எழுதுகிறவரின் வேலை. வாங்காவிட்டால் புதியது காற்றோடு போகும், பழையதே மிஞ்சும். தையல்காரர் அளவாகப் புது ரவிக்கை தைத்து நீட்டிக்கொண்டிருக்க, பழைய தொளதொளப்போடே வீடு திரும்பிய மாதிரி. முதல் வருடப் பாடம் இது. போன மாதம் இதே தப்பைப் பென்னி செய்தபோது, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு எழுதுகிறாய் என்று அவனை ஒரு பிடி பிடித்தவளும் இவள்தான்.

"பென்னி, அந்த வரிக்கு முன்னாடி நம்பர் ஈக்வல்ஸ்னு சேரு."

"சேத்துட்டேன். அட, இவ்ளோதானா? இத யார்டு கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா அவங்க மேனேஜர் சொல்லணுமே."

ஏற்றினாலும், விடிகாலையில் பதிந்த எண்கள் வெற்றிடத்தோடுதான் உட்கார்ந்திருக்கும். அவற்றையும் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். அதற்கும் பென்னி உள்ளே நுழைய வேண்டும், நுழைய மேனேஜர் வேண்டும். புதிதாகப் பதியலாம் என்றால், உள்கேட்டு எடைமேடையில் வண்டி நின்றால்தான் எண் ஏறும். எடைமேடையோ கேட்டுக்கு வெளியே இருந்தது. இத்தனை ஓட்டைகளையும் இவ்வளவு நேர்த்தியாக அடைத்து வைத்த தன் கெட்டிக்காரத்தனத்தை சைமா மனதாரச் சபித்தாள்.

வாசலில் யாரோ கூப்பிட, மலிகா போனைத் தலையணைமேல் வைத்துவிட்டு ஓடினாள். யார்டு மேனேஜரைக் கூப்பிட சைமா மூக்கால் அழுத்திப் பார்த்தாள். போன் மூன்றாம் வீட்டு ஷாஸியாவைக் கூப்பிட்டது. அவ்வளவுதான், கல்யாணமாவது மருதாணியாவது என்று வலது கையாலேயே போனைப் பிடுங்கினாள். கௌசர் இழைத்து இழைத்துப் போட்ட கொடியும் பூவும் சேறாகக் குழம்பின.

யார்டு மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "புரியுது மேடம். ஆனா ஷிப்டு நடக்கறப்ப கம்ப்யூட்டர்ல யாரும் கை வைக்கக்கூடாதுன்னு ரூல். ஆறு மணிக்கு ஷிப்டு மாறும். மொத வேலையா ஏத்திடலாம்."

"சார், அங்க நிக்கிறது எங்கப்பா. இன்னிக்கு எனக்கு நிக்காஹ் சார்."

"அடடா. வாழ்த்துகள் மேடம். ஆறு மணி."

மறுபடி அத்தாவுக்குப் போட்டாள். அவர் எடுத்துக் காதில் வைப்பதற்குள் அந்தப் பக்கத்துக் கூச்சல் வந்தது. கோதண்டம் எண் போட்ட டிரைவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். புரோகிராம் எழுதியவனின் பிறப்பு வளர்ப்பெல்லாம் நாறிக்கொண்டிருந்தது. அதில் எல்லாரையும் மிஞ்சி ஒரு குரல். "கேட்டு கட்டத் தெரியாத கய்தைங்க கையில கம்ப்யூட்டர குட்த்தா இப்டித்தான்! எவன்டா எய்தினது, அவன இஸ்துகினு வாங்கடா!" அது அத்தாவின் குரல்.

சைமா போனை வைத்தாள். நியாயம்தானே. ஆனாலும் வாழ்நாளில் அவளை 'சனியனே' என்றுகூடச் சொல்லாத மனிதர் அவர்.

அஸர் தொழுகை முடிந்தது. நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத்துக்கு, அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு தண்டையார்பேட்டையில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் முகம் கோணாமல் பொறுத்தார்கள். கடைசியில் போனை ஸ்பீக்கரில் போட்டு, என்ன செய்யலாம் என்று ஜாபரிடமே ஹஜ்ரத் கேட்டார். ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஜாபரின் குரல் வந்தது. "என் மவள கட்டிக் குடுக்க, எனக்குப் பதிலா என் மவன் சுஹைப் நிக்கட்டும். சம்மதம்." அண்ணன் சுஹைப் அத்தாவின் இடத்தில் போய் உட்கார்ந்தான். திரைக்கு இந்தப் பக்கம் சைமா தலையை ஆட்டிச் சம்மதம் சொன்னாள். நிக்காஹ் நடந்துவிட்டது, இனி அது நடந்ததுதான். அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டுப் பென்னி இன்னும் ஆறு மணிக்காகக் காத்திருந்தான்.

கடைசிப் பந்தி எழுந்தபோது ஜாபர் வந்து சேர்ந்தார். காக்கிச் சட்டை, டீசல் வாடை. மாப்பிள்ளையைக் கட்டிப்பிடிக்கக் கூச்சப்பட்டு, சலாம் மட்டும் சொல்லிவிட்டு உள்ளறைக்கு வந்தார். மகளின் ஒரு கையில் பூ, ஒரு கையில் சேறு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அத்தா, அந்தப் புரோகிராம்ல தப்பு என்துதான். நீங்க திட்டினது கேட்டுச்சி. தப்பே இல்ல. நல்லா திட்டுங்க."

ஜாபர் தரையில் உட்கார்ந்தார்.

"என் மவதான் எய்தறான்னு யார்டு பூரா தமுக்கடிச்சி வச்சிருந்தேன். பாதி பேருக்குத் தெரியும். எல்லாரும் திட்டறப்ப நான் மட்டும் கம்முனு இருந்தா, மீதி பேருக்கும் தெரிஞ்சிடுமேம்மா. எவனோ ஒரு ஆம்பளன்னு எல்லாரும் நெனச்சிக்கட்டும்னுதான் கத்தினேன்." சேறான கையை எடுத்துத் தன் காக்கிச் சட்டையில் துடைத்துவிட்டார். "நிக்காஹ் அன்னிக்கி ஒன்ன அப்டி பேசிட்டேன். மன்னிச்சிக்கம்மா."