தூர்த்த குட்டையில் முப்பத்தொரு வகை

பதினான்கு வருடத்துக் குவைத் வெயிலுக்கும், அதற்குள் அவர் தோளில் ஏறாமலே வளர்ந்துவிட்ட இரண்டு பிள்ளைகளின் மழலைக்கும் சேர்த்து லூர்துராஜுக்குக் கிடைத்த விலை நான்கு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். செல்போனுக்கு வரும் அழைப்புக்குக் காசில்லை என்று அறிவித்த வருடம் அது. அந்தப் பணத்தை அப்படியே கொண்டுவந்து, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்த எட்டு சென்ட் காலி மனையில் கொட்டப் பார்த்தார்.

ராசம்மாளின் பிழைப்பு அந்த மனையில்தான். கிராமத்திலிருந்து காலை ஏழு மணி பஸ் ஏறி டவுனுக்குக் கீரை பறிக்க வருகிறவள் அவள். கேட்டவர்கள் சிரிப்பார்கள், சிரித்தவர்களை அவள் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஊர் வயல்களில் களைக்கொல்லி அடித்து அடித்து நெல்லும் வரப்பும்தான் மிச்சம். டவுனிலோ பஸ் சக்கரம், காக்காய் எச்சம், சந்தைக்கு வரும் மாட்டின் சாணி என்று ஒவ்வொன்றும் ஒரு விதையைக் கொண்டுவந்து போட்டு, அந்த எட்டு சென்ட்டில் முப்பத்தொரு வகை நின்றது. இடிந்த சுவரோரம் குப்பைமேனியும் மூக்கிரட்டையும். வேலிக்கம்பியில் கோவையும் முடக்கத்தானும். ஓட்டல் கழுநீர் வடிகிற மூலையில் ஊமத்தை. நடுவில் மட்டும் நீர்முள்ளி, பொடுதலை, வல்லாரை, கோரை. பறித்ததில் பாதி கீரைக்கட்டாகும். மீதி நாட்டு மருந்துக் கடைக்குப் போகும்.

தரகன் மனோகரன் ஒருநாள் லூர்துராஜை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினான். செண்டு வாசனை அவருக்கு முன்னால் நடந்து வந்தது.

"என்னங்க இது, ஒரே காடா கெடக்கு? மனுசன் வாங்குற எடமா?"

"காடுன்னா வெட்டிடலாம் சார். டவுன் மத்தியில வேற எங்க கெடைக்கும்?"

ராசம்மாள் நிமிர்ந்தாள். "வெட்டுறது இருக்கட்டும் சார். நடுவுல நிக்கிறதப் பாத்தீங்களா? நீர்முள்ளி. தண்ணி தேங்குற மண்ணத் தவிர வேற எங்கயும் நிக்காது. இது தூர்த்த குட்டை. மேல குப்பை, கீழ சேறு. வீடு தாங்காது."

"யக்கா, ஒன் சோலியப் பாரு," என்றான் மனோகரன் பல்லைக் கடித்து.

லூர்துராஜ் சிரித்தார். "நான் வாங்கிட்டா ஒனக்குக் கீரை போயிடும். அதானேம்மா?"

"போவும்தான். அதுக்காக நீர்முள்ளி பொய் சொல்லுமா?"

அவள் சொன்னது நிஜம். ஆதாயம் இல்லாமல் சொல்லவில்லை என்பதும் நிஜம். இரண்டும் ஒரே வாயில் வரும் என்பது கடைத்தெருவில் வளர்ந்த பொடிசுக்குக்கூடத் தெரியும். லூர்துராஜ் சரக்கைப் பார்க்கவில்லை, சொன்னவளின் புடவைக் கிழிசலைப் பார்த்தார்.

"களையெல்லாம் எனக்குப் பாடம் நடத்துது," என்று முணுமுணுத்து, நின்ற இடத்திலேயே நிபந்தனை போட்டார். கிரயத்துக்கு முன்னால் பொக்லைன் விட்டு ஒரு பூண்டு இல்லாமல் வழிக்க வேண்டும். வல்லத்துச் செம்மண் நாற்பது லோடு அடிக்க வேண்டும். செலவு அவருடையது. மனோகரன் பெரிதாக நஷ்டப்பட்டவன் போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சம்மதித்தான். குட்டைக்கு இருந்த ஒரே சாட்சியைத் தன் காசிலேயே ஒழித்துக் கட்டிய சாமர்த்தியத்தை லூர்துராஜ் வீட்டில் மனைவி அருள்மேரியிடம் இரண்டு முறை சொன்னார்.

பொக்லைன் வழித்த அன்று ராசம்மாள் வேலிக்கு வெளியே நின்றாள். "நல்லா வழிங்க, சோத்துச் சட்டிய வழிக்கிறாப்புல," என்றாள். அப்புறம் டவுன் வாய்க்காலோரம் அலைந்ததில் ஒன்பது வகைதான் கிடைத்தது. மருந்துக் கடைக்காரர் அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

கிரயம் முடிந்து, புரட்டாசியில் வீட்டுக்குக் கடைக்கால் வெட்டினார்கள். ஐப்பசி மழை மூன்று நாள் பெய்தது. வெட்டிய பள்ளமெல்லாம் நிறைந்தது. மழை விட்டு இருபது நாளாகியும் ஒரு சாண் வடியவில்லை. மூலைத் தூண் கள்ளுக் குடித்தவன் போலச் சாய்ந்து நின்றது.

"ஆழமா எறக்கி பைல் அடிக்கணும் சார். எடத்துக்குக் குடுத்த மாதிரி இன்னொரு மடங்கு ஆவும்," என்றார் என்ஜினியர்.

மனோகரனின் செல்போன் அணைந்திருந்தது. லூர்துராஜ் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றார். செம்மண்ணைப் பிளந்துகொண்டு முள்ளும் இலையுமாக ஏதோ வந்திருந்தது.

"இது என்ன செடிம்மா?" என்று வேலிக்கு வெளியே நின்ற ராசம்மாளைக் கேட்டார்.

"நீர்முள்ளி சார். அன்னைக்கே பழக்கம் பண்ணி வெச்சேனே."

அவர் குரலைத் தாழ்த்தினார். "யார்ட்டயும் சொல்லிடாத. வித்துடுறேன்."

"நான் எதுக்கு சார் சொல்றேன்? அது நிக்கிதுல்ல, அதுவே சொல்லும்."

அது சொன்னது. பார்க்க வந்தவர்கள் நடுவில் நின்ற முள்ளைப் பார்த்து, மரியாதையாகத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். தை பிறந்ததும் லூர்துராஜ் மறுபடி குவைத்துக்கு விமானம் ஏறினார்.

மறுநாள் காலை ராசம்மாள் கம்பியை விலக்கி உள்ளே போனாள். விரல்விட்டு எண்ணினாள். பழைய முப்பத்தொன்றில் இருபத்துநாலு திரும்பியிருந்தன. வல்லத்து லாரியில் ஏறி, அந்த மனை இதுவரை கண்டிராத ஆவாரை, நெருஞ்சி, சிறுபூளை மூன்றும் லூர்துராஜ் செலவில் வந்து இறங்கியிருந்தன. வல்லாரை, பிரண்டை, தூதுவளை, முடக்கத்தானைக் காணோம். இன்னும் மூன்று அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

முப்பத்தொன்றுக்கு இருபத்தேழு வரவு. நாலு பாக்கி.