இறக்கச் சொல்லும் வரை

பளுதூக்குதலில் எனக்குப் பயிற்சியாளர் என் தங்கை. ஓர் அண்ணனுக்கு இதைவிடப் பெரிய பளு கிடையாது.

நான் பார்சல் அலுவலகத்தில் பெட்டி அடுக்குகிறவன். வயது நாற்பத்திரண்டு. அங்கே ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு நின்றால் மேஸ்திரி முறைப்பார். அதே புத்தி பயிற்சியிலும். எந்த எடையானாலும் நிறுத்தாமல் பத்து முறை, வாய்விட்டு எண்ணித் தூக்குவேன். ஒருமுறை தூக்கிவிட்டு ஐந்து நிமிடம் உட்காருகிறவர்கள் எனக்குக் கஞ்சப் பிசினாறிகள். தங்கை நடத்தும் பயிற்சிக் கூடத்தில் எனக்கு ‘பத்து’ என்றே பெயர். அதைப் பாராட்டு என்று நம்பியிருந்தேன்.

“துணி துவைக்கிறியாண்ணே?” என்பாள் தங்கை. “முதல் மூணு நல்லாருக்கு. அப்புறம் முதுகு கூனுது, கால் எங்கயோ போகுது. பத்தாவதுல நீ தூக்குறது வெயிட்டே இல்ல, கெட்ட பழக்கம்.”

போனில் படமும் பிடித்துக் காட்டினாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை, ஒரே நிமிடத்தில், கலரில்.

“ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு போதும். ஒவ்வொரு தடவையும் மேல போனதும் அப்படியே நில்லு. போட்டியில மணி அடிச்சப்புறம்தான் இறக்கணும்.”

“மூணா? ஒரு கொட்டாவி விடுறதுக்குள்ள முடிஞ்சிடுமே!”

“உன் வாய்க்கு ஒரு பதக்கம் தனியா கொடுக்கலாம்.”

அந்த நேரத்தில்தான், கூடத்துக்கு இடம் கொடுத்திருந்த சங்கத்தின் செயலாளர் வந்தார். கோப்பைத் தவிர வேறெதையும் தூக்கியறியாத மனிதர். கூடத்தை நடன வகுப்புக்குக் கொடுக்கப் போகிறாராம். “அடுத்த போட்டியில உங்க ஆளுங்கள்ல ஒருத்தராவது பதக்கம் வாங்கட்டும்மா. இல்லன்னா காலி பண்ணிடுங்க.”

எட்டு வருடம் தங்கை நடத்திய கூடம். அந்த மரமேடையின் பலகை ஒவ்வொன்றையும் அவளே திருகாணி முடுக்கிப் பதித்தவள். செயலாளர் போனபின் அவள் கொஞ்சநேரம் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அழுக்கே இல்லாத மேடையை.

போட்டியில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மிச்சம் நான் ஒருவன். கடைசி முயற்சி, தொண்ணூறு கிலோ. தூக்கினால் வெண்கலம். தங்கை என் உள்ளங்கையில் சுண்ணாம்புத்தூள் தேய்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணுண்ணே. எனக்காக.”

தோளுக்கு ஏற்றினேன். எழுந்து நின்றேன். ஒரு உந்து. தலைக்கு மேலே தொண்ணூறு கிலோ, முழங்கை நேராக, பாதம் ஒரே கோட்டில். என் ஆயுளில் அப்படித் தூக்கியதில்லை.

“ஒண்ணு!” என்றேன்.

மணி அடிப்பதற்குள் கம்பி தோளுக்கு வந்துவிட்டது.

“ரெண்டு!” மறுபடியும் மேலே. அதுவும் பிசகில்லாமல்.

மூன்றுக்கு இறக்கும்போதுதான் எதிரே நடுவர்களின் மூன்று சிவப்பு விளக்குகளைப் பார்த்தேன்: செல்லாது. தங்கை இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். அரங்கமே சிரித்தது. செயலாளரின் குரல் தனியாகக் கேட்டது: “ஒண்ணு கேட்டா ரெண்டு தர்றாருய்யா, என்ன தாராள மனசு!”

கூடம் போயிற்று. இப்போது அங்கே நடனம். வெளியே நின்றால் எண்ணுவது கேட்கும். எட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள், என்னைவிடக் கட்டுப்பாடானவர்கள்.

தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பலகைகளைக் கழற்றினாள். ஒவ்வொன்றாக நான் சுமந்து வந்து, என் வீட்டு வண்டிக் கொட்டகையில் முடுக்கினேன். வண்டி இப்போது மழையில் நிற்கிறது. என் மனைவி வண்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்க்கிறாள்.

இன்று அங்கே முதல் பயிற்சி. ஒரே ஒரு முறை தூக்கி, தலைக்கு மேலேயே பிடித்து நின்றேன். எண்ணவில்லை. தங்கை எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மணிக்குப் பதில் அவள் வாய்தான். போன் வந்தது. எடுத்துப் பேச ஆரம்பித்தாள்.

“ஏய், கை நடுங்குது! இறக்கட்டுமா?” என்றேன்.

“ஒரு நிமிஷம் லைன்ல இருங்க,” என்று போனில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். போட்டிக்குப் பிறகு முதல்முறையாக உதட்டோரம் ஒரு சிரிப்பு. “நான் இன்னும் சொல்லலியே அண்ணே.”

நிற்கிறேன்.