எஞ்சினுக்கு நெற்றி எது?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூச்சுமுட்டி மேடு என்று ஒன்று இருக்கிறது. கீழ் மலையில் பறித்த கொழுந்தையெல்லாம் தலையில் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறித்தான் மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், நிறுக்க வேண்டும். லொறி மடுவத்தைத் தாண்டிக் கீழே இறங்காது. கீழே போகும் பாதையை மழை அடித்துக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. மடுல்சீமைப் பக்கம் இது பெரிய அதிசயமும் இல்லை.

அந்த மேட்டில் யாரும் பேசுவதில்லை, பேச மூச்சு இருந்தால்தானே? சண்டை என்றால்கூட அடிவாரத்தில் பாதி, உச்சியில் மீதி. என் மாமியார் இராக்கம்மா தூக்கத்தில்கூடப் பேசுகிறவர். அவரே அந்த மேட்டில் ஊமை.

இந்த வருஷம் அத்தைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "பேர வெட்டிக்கிட்டு வீட்டுல குந்திக்கிறேன் புள்ள" என்று ஒருநாள் சொன்னார். பேரை வெட்டுவது என்றால் வேலையை விட்டு நிற்பது. மலைக்குப் போகாமல் அவரால் இருக்க முடியாது; அவருடைய கூட்டாளிகள், கதை, சிரிப்பு எல்லாமே அங்கேதான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று ஊருக்கே தெரியும்.

என் புருஷன் கஜேந்திரன் பதுளை பஜாரில் பஸீல் நானாவின் கராஜில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அவர் சோற்றில் கை வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஊரான் வண்டியெல்லாம் ஓட வைக்கிறீங்க. ஒங்கம்மா தூக்குற மூட்டைய இழுக்க ஒரு மிசின் செய்யத் தெரியாதா?"

சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். திட்டப்போகிறார் என்று நானும் தயாராக நின்றேன். அவர் கண் மின்னியது.

"டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒண்ணு இருந்தா போதும் தயானி. மடுவத்துல வச்சு, கம்பியில சறுக்கு வண்டியக் கட்டி மேல இழுத்துரலாம்."

"எஞ்சினுக்கு எங்க போறது?"

"முழுசா ஒண்ணும் இல்ல. கராஜுக்குப் பின்னால துண்டு துண்டா கெடக்கு."

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம், இரண்டு பேருக்கும்தான். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நானும் பதுளைக்குப் பஸ் ஏறினேன். எஞ்சினின் அடிப்பெட்டி ஒரு பழைய த்ரீவீலருடையது. சிலிண்டர் யாரோ போட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிளுடையது. கார்பரேட்டர் மருந்தடிக்கும் மிசினுடையது, பெற்றோல் டாங்கி புல் வெட்டும் மிசினுடையது. ஒன்று இன்னொன்றின் முகத்தைப் பார்க்கவில்லை, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி.

"தங்கச்சி, ஒங்கட மாப்புள மாட்டுக்கு ஆட்டு வாய வெச்சிருக்காரு" என்று பஸீல் நானா கார்பரேட்டரைக் காட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு நல்ல பிஸ்டனையும் எடுத்துத் தந்தார். மகராசன்.

அடிப்பெட்டியின் போல்ட்டுகளும் சிலிண்டரின் ஓட்டைகளும் பொருந்தவில்லை. இடையில் தடித்த அலுமினியத் தகடு ஒன்றை வைத்து, கீழே த்ரீவீலருக்கும் மேலே மோட்டார் சைக்கிளுக்கும் ஏற்ற மாதிரி ஓட்டை போட்டார். தகடு வைத்ததும் சிலிண்டர் உயர்ந்துவிட்டது. பிஸ்டன் உச்சிக்கு எட்டவில்லை. உடனே சிலிண்டரின் அடியை அந்த அளவுக்குக் கடைந்து எடுத்தார். இப்போது உள்ளே காற்றுப் போகும் வழிகள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அதையும் அரம் பிடித்து ராவினோம். என் விரலெல்லாம் அலுமினியத் தூள். எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றாடியின் காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்ப, நத்தார் பண்டிகைக்கு வந்த பிஸ்கட் தகரத்தை வெட்டி வளைத்தது நான். ஒரு பிரச்சினை தீரும்போது அடுத்தது வந்து நிற்கும், இவர் அதைப் பார்த்துக் கையைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பார்.

முதல் தடவை கயிற்றைச் சுற்றி இழுத்தபோது 'புஸ்' என்றது. அடுத்த தடவை இருமியது. அதற்கடுத்த இழுப்பில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம்! கராஜ் முழுக்க நீலப் புகை. நான் குதித்தேன். பஸீல் நானா தொப்பியைக் கழற்றி ஆட்டினார். ஓடுகிற எஞ்சினையே இவர் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறிக்கொள்வார்.

தோட்டத்தை நடத்தும் தொரையிடம் அனுமதி கேட்டோம். ஒரே ஒரு பகல் நிறுவைக்கு ஓட்டிப் பார்க்கலாம் என்றார். நடுவில் நின்று லொறி தாமதமானால் அன்றைக்கே கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும், மறுபடி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. அதுவும் நியாயம்தான், கொழுந்து கிடந்தால் கருகிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை மடுவத்தில் பூட்டி, சறுக்கு வண்டிக்குக் கம்பியைக் கட்டி, மண் மூட்டைகளை வைத்து இழுத்துப் பார்த்தோம். ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது.

திங்கட்கிழமை காலை பெரட்டில் பேர் பதிந்து முடிந்ததும் பெண்கள் எல்லாரும் மடுவத்துக்கு வந்துவிட்டார்கள். பூசை போடாமல் எஞ்சினைத் தொட விடமாட்டார்களாம். தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் வந்தன. சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் நின்ற அத்தை திகைத்துப்போனார்.

"இதுக்கு நெத்தி எது?"

ஒருத்தி சிலிண்டரைக் காட்டினாள். சூட்டில் பொட்டு உதிர்ந்துவிடும் என்றாள் இன்னொருத்தி. புகைக்குழாயில் வைக்கலாமா என்றவளை எல்லாரும் ஏசினார்கள். அத்தை எஞ்சினைச் சுற்றி வந்து, டாங்கியின் மூடியைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"மேல உருண்டையா மூஞ்சி மாதிரி இருக்கே, இதான். இங்க பாரு, பொட்டு வைக்கவே நடுவுல சின்னதா குழி வச்சிருக்கான்!"

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அத்தை குழிக்கு நேராகக் கட்டைவிரலால் அழுத்தி, வட்டமாகப் பொட்டு வைத்தார். மேலே குங்குமம். கம்பியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பகல் நிறுவைக்கு எல்லாம் தயார். இறக்கி நிறுக்க நானும் அத்தையும் மேலே, ஏற்றிவிட மற்றவர்கள் கீழே. லொறி வந்து நின்றது. தொரையும் வந்து நின்றார். இவர் கயிற்றை இழுத்தார், எஞ்சின் முழங்கியது, கொழுந்து மூட்டைகளோடு சறுக்கு வண்டி ஏறத் தொடங்கியது. கீழேயிருந்து ஒரே கூச்சல், விசில்.

கால்வாசித் தூரம் வந்திருக்கும். எஞ்சின் முனகி, விக்கி, நின்றுபோனது.

இவர் ஓடிப்போய் டாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார். பெற்றோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு இழுத்தார், உடனே பிடித்துக்கொண்டது. வண்டி கொஞ்சம் ஏறியது. மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தார், கார்பரேட்டரை ஊதினார், மூடியைத் திறந்து பார்த்து மூடினார். மறுபடி ஓடி, மறுபடி நின்றது.

"நேத்து ஓடுச்சே! நேத்து நல்லா ஓடுச்சே!" என்று தலையில் கை வைத்தார்.

"இத்தன பேரு பாத்தா கண்ணு படாமயா இருக்கும்?" என்று அத்தை கிண்ணத்தை எடுத்து வந்து, பழைய பொட்டின் மேல் இன்னும் தடிப்பாக ஒரு அப்பு அப்பினார். அதற்குப் பிறகு எஞ்சின் இன்னும் சீக்கிரமாக நின்றது.

லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். தொரை மணியைப் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை மேட்டு விளிம்பில் நின்று, "வந்து தூக்குங்க!" என்று கையை ஆட்டினார். கீழிருந்து பெண்கள் பேசாமல் ஏறி வரத் தொடங்கினார்கள். அத்தை துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பாதி மேட்டில் நின்ற வண்டியை நோக்கி இறங்கினார். ஒவ்வோர் அடிக்கும் அந்த வீங்கிய முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டார். எஞ்சினை ஓங்கி ஓர் உதை விடலாம் என்றுதான் பக்கத்தில் போனேன்.

இவர் மறுபடி மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

எனக்குத் தெரியாத சத்தமா அது? மேட்டு உச்சியில் மூட்டையை இறக்கியதும் நாங்கள் எல்லாரும் இழுக்கிற மூச்சு.

"என்னங்க, அதுக்கு மூச்சு முட்டுதுங்க! மூடியப் போட்டா முட்டுது, தொறந்தா விடுது!"

இவர் மூடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் 'பட்'டென்று அடித்துக்கொண்டார். "காத்து போற ஓட்ட, தயானி! காத்து உள்ள போனாத்தான் பெற்றோல் கீழ எறங்கும்!" என் தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். காய்ந்து இறுகிய சந்தனத்தைக் குத்தி எடுத்து, ஊதி, மூடியைப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

நிற்கவே இல்லை. அந்த மூட்டைகள் வந்தன, பெண்கள் திரும்பி இறங்கி ஏற்றிவிட அடுத்த மூட்டைகள் வந்தன, கடைசி மூட்டையும் வந்து லொறியில் ஏறியது. தொரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஓடட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் போட்ட கூச்சலில் லொறிக்காரரே திரும்பிப் பார்த்தார்.

பாதி மேட்டில் சும்மாட்டோடு அத்தை நின்றுகொண்டிருந்தார். ஓடி இறங்கிப்போய், நடந்ததைச் சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். சும்மாடு இன்னும் தலையில் இருந்தது, மேலே ஒன்றும் இல்லை.

"காத்து ஓட்டையா? அத வச்சவன் பக்கத்துல ஒரு வார்த்த எழுதி வச்சிருக்கலாம்ல? கூட நின்ன நீயாவது பாத்திருக்கலாம்ல? ஒனக்கு எதுலதான் கவனம்? காலையில பருப்புல உப்பு இல்ல. போன தீவாளிக்கு என் சேலைய இஸ்திரி போடுறேன்னு எரிச்சியே..."

எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் வெறுங்கையோடு ஏறிய பெண்களும் ஆளுக்கொரு கதை பேசிக்கொண்டு வந்தார்கள். மேட்டு உச்சிக்கு வரும்வரை அத்தை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில்கூட மூச்சு வாங்க நிற்கவில்லை.