ஆடாத தோணி

இளையதம்பியின் வலது கால் வழுக்கியது. தோளில் அள்ளிப் போட்டிருந்த வீச்சுவலையை விடவும் முடியாது, வீசவும் முடியாது. தோணி இடப்பக்கம் சரிந்து, விளிம்பில் வாவித் தண்ணீர் எட்டிப் பார்த்தது. தூரத்தில் கல்லடிப் பாலத்தின் ஒரு தூணைக் கண்ணால் பிடித்துக்கொண்டு இடுப்பை வெட்டி நிமிர்ந்தார். தோணி அடங்கியது.

கரையில் மருமகன் கதிர்காமத்தம்பி கைகட்டி நின்றான். இந்த மாதம் அவனோடு போய் அறுபத்திரண்டு வயது மாமா இரண்டு தரம் விழுந்திருந்தார். இன்னொரு தரம் விழுந்தால் தோணியைத் தன்னிடம் தந்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டான். மகள் கண்ணகையும் அதற்கு ஓம் என்றுவிட்டாள். பிழை தன் காலில் இல்லை, பின்னால் மரக்கட்டை மாதிரி இருந்து சவள் துடுப்பு வலிக்கிற மருமகனில்தான் என்று இளையதம்பி சாதித்தார். அதனால்தான் புதுப் பாலம் கட்டிய வருஷம் மூட்டுவலியால் தோணி ஏறுவதையே நிறுத்திவிட்ட மனைவி சின்னத்தங்கத்தை இன்றைக்குக் கெஞ்சிக் கூட்டிவந்து பின்முனையில் இருத்தியிருந்தார்.

அந்தக் காலத்தில் இருவரும் கலக்கிய வாவி இது. பலத்த கச்சான் காற்றிலும் அவர் நின்றபடிதான் வீசுவார். ஆட்டமெல்லாம் கணுக்காலோடு தீர்ந்துவிடும். இடுப்புக்கு மேலே ஒன்றும் தெரியாது. மற்றத் தோணிக்காரர்கள் வலிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், அவளுக்குக் காட்டுவதற்கென்றே ஒற்றைக் காலில் நின்று வீசினார். வலை நிறைய மணலை மீன். அவள் முகம் போன போக்கை மட்டும் அவர் பார்க்கவில்லை. வீசுகிறவனுக்குத் திரும்பிப் பார்க்க நேரமேது?

இப்போது ஆட்டம் கணுக்காலில் நிற்கவில்லை. முழங்கால் ஏறி, இடுப்பைத் தாண்டி, கைவரை வந்தது. மூச்சைப் பிடித்து எறிந்தார். வலை வட்டமாய் விரிந்தது. அவரும் கூடவே போனார். தோணி குப்புறக் கவிழ்ந்தது.

நெஞ்சளவுத் தண்ணீர்தான். இருவரும் எழுந்து நின்றார்கள். கொண்டை அவிழ்ந்த சின்னத்தங்கம் சிரித்துக்கொண்டிருந்தாள். மருமகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தான்.

"முடிஞ்சுது புள்ள. தோணிய அவனுக்கே குடுப்பம். கால் கிழடாப் போச்சு" என்றார் இளையதம்பி மனைவியிடம்.

"உங்கட கால் எப்பவும் இப்பிடித்தான்." மருமகனுக்குக் கேட்காமல் அவள் சொன்னாள். "அந்த நாளையிலயும் ஒவ்வொரு வீச்சுக்கும் இடப்பக்கம் சாய்வீங்க. நீங்க சாய முதல் நான் வலப்பக்கம் சாய்ஞ்சிருவன். ஒத்தைக் கால்ல நிண்ட அண்டைக்கு, வயித்துல கண்ணகையோட, பாதி உடம்பு தோணிக்கு வெளியதான் தொங்கிச்சு. இப்ப என்ட இடுப்பு வளையுதில்ல."