கேட் மூடு

பெங்களூருவில் கூடைப்பந்து ஆட்டம் பார்க்க ஒரு வாரமாகத் திட்டம் போட்டவர் சுடலைமுத்து. திருநெல்வேலியிலிருந்து ஓசூர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஞாயிறன்று கம்பெனியின் முதல் கேட்டில் வேனுக்காகக் காத்திருந்தவருக்குத் தெலுங்குக்கார நண்பன் நாகேஷ் போன் செய்தான்.

"வேன் வந்திருச்சுண்ணா! கேட் மூடு!"

ஓசூர்ப் பக்கம் அடிக்கடி வரும் காட்டு யானைதான் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று பதறி, சுடலைமுத்து கேட்டை இழுத்து மூடி, முதுகையும் முட்டுக் கொடுத்து நின்றார். வேன் மூன்றாம் கேட்டில் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

தேடி வந்த நாகேஷ் தலையில் அடித்துக்கொண்டான். "எங்க தெலுங்குல மூடுன்னா மூணுண்ணா!"

"ஏலே, அதத் தமிழ்ல சொன்னா வாய் சுளுக்கிக்கிடுமோ?"

ஆட்டத்தில் முதல் மூன்று புள்ளிப் பந்து வளையத்துக்குள் விழுந்ததும் சுடலைமுத்து துள்ளி எழுந்து, "மூடு! மூடு!" என்று அலறினார்.

முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்த சேலத்துக்காரர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.